கைபடாமல் படித்தவர்

எங்கள் காப்பகத்தில் ஆண்டுக்கொரு செய்திமடல் வரும். பதினாறு பக்கம், வழவழப்பான தாள், அட்டையில் துணைவேந்தர் சிரிப்பார். உள்ளே இரண்டே பகுதிகள்தான். ஒன்று ‘பணியாளர் சாதனைகள்’, மற்றது ‘புதிய திட்டங்கள்’. பொருநைக்கரைப் பல்கலைக்கழக வரலாற்று ஆவணக் காப்பகத்தில் உதவிக் காப்பாளராகச் சேர்ந்த நாளிலிருந்து, பதினோரு வருடமாக, அதை எழுதித் தொலைக்கிற பொறுப்பு என்னுடையது. என் பெயர் ஆவுடையம்மாள். இந்த 2041-லும் இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்களிடம் என் அப்பாவின் கைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

சாதனைப் பகுதி எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இயக்குநர் ஞானதுரை சார் கொழும்புக் கருத்தரங்கில் நன்றியுரை சொன்னது ஒரு சாதனை. மேலாளர் மாடிப்படியில் ஏறும் பழக்கத்துக்கு மாறியது ஒரு சாதனை. உண்மையிலேயே சாதித்த ஒரே ஆளை மட்டும் எழுத முடியாது, ஏனென்றால் அவர் பணியாளர் இல்லை.

அவர் கொம்பையா அண்ணாச்சி. பதினேழு வருடமாகத் தினக்கூலி. வருடத்துக்கொரு ஒப்பந்தக்காரர் மாறுவார், அண்ணாச்சி மாறமாட்டார். அந்தக் காலத்தில் கலெக்டர் கச்சேரிக்கு, அதாவது அலுவலகத்துக்கு, ஜனங்கள் எழுதிப்போட்ட மனுக்கள் எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தண்ணீர் வரவில்லை, மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், புருஷனை ரங்கூனிலிருந்து வரவழைத்துத் தாருங்கள் என்று எல்லாம். ஒவ்வொன்றையும் படித்து, நாலு வரியில் சுருக்கம் எழுதி, அட்டவணையில் ஏற்றியவர் அவர். மொத்தம் பதினோராயிரத்து நானூறு சுருக்கங்கள். எங்கள் காப்பகத்தை நம்பி முனைவர் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் அந்த நாலு வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார்கள்.

இந்த வருடம் பல்கலைக்கழகம் ஒரு தீர்மானம் போட்டது. பத்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்ததற்கு ஆதாரம் காட்டுகிற தினக்கூலிகள் நிரந்தரம் ஆவார்கள், மற்றவர்கள் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். தேர்வுக் குழு கூடுவது இருபத்தெட்டாம் தேதி. அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தொன்று. வெளியே போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? ஆனால் ஆதாரத்துக்கு எங்கே போவது? ஒப்பந்தக்காரர்களில் பாதிப்பேர் கடையைக் கட்டிவிட்டார்கள். நானூறு வருடத்துக் காகிதம் இருக்கிற கட்டிடத்தில் கொம்பையா என்ற மனிதர் இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

“சுருக்கம் இருக்குல்லா அண்ணாச்சி,” என்றேன். “பதினோராயிரத்து நானூறு. அதவிட என்ன ஆதாரம் வேணும்?”

“அதுல எம் பேரு இல்லயே மேடம்.”

“நான் சாட்சி சொல்லுதேன்.”

அப்படிச் சொன்ன என் வாயில்தான் பிறகு சனி உட்கார்ந்தது.

அந்த மாதத் தொடக்கத்தில் புதிய திட்டம் வந்து இறங்கியது. அது ஒரு யந்திரம், பெயர் ‘தடம்’. பார்ப்பதற்கு இட்லிப் பானைக்குக் கண்ணாடி மூடி போட்டதுபோல இருக்கும். கூடவே ஷஃபீனா என்ற பொறியாளர் பெண்ணும் வந்தாள். வயது இருபத்தாறு, கோயம்புத்தூர், வந்த அரைமணியில் என்னை அக்கா ஆக்கிவிட்டாள்.

“காகிதத்தத் தொட்டா நம்ம கை ஈரமும் எண்ணெயும் அதுல ஒட்டிக்கும்க்கா,” என்று விளக்கினாள். “எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புறவங்கன்னா இன்னும் நல்லது. அது எத்தனை வருஷம் ஆனாலும் முழுசாப் போகாது. எவ்வளவு பழசுன்னு பாத்து வருஷத்தச் சொல்லிரலாம். யாரோடதுன்னும் சொல்லிரலாம்.”

“யாரோடதுன்னு எப்படித் தெரியும்?”

“வருகைப் பதிவுக்காக நீங்க எல்லாரும் எச்சில் குடுத்திருக்கீங்கல்ல, அத வச்சுத்தான்.”

ஒரு காகிதத்தை யார் யார் படித்தார்கள், எந்த வருடம், எத்தனை தடவை என்று ஒரு யந்திரம் சொல்லிவிடுமாம். யோசித்துப் பாருங்கள், ‘நேரில் ஆராய்ந்து எழுதியது’ என்று முன்னுரையில் பீற்றிக்கொண்ட பெரிய மனிதர்கள் எத்தனை பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள்! முதல் வாரத்திலேயே வரலாற்றுத் துறையில் இரண்டு பேர் நீண்ட விடுப்பில் போய்விட்டார்கள்.

ஞானதுரை சாருக்கோ தலைகால் புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை, புகழ் என்றால் கொஞ்சம் நாக்கைச் சப்புக்கொட்டுவார், அவ்வளவுதான். சோதனைக்குப் போட்ட ஐம்பது கோப்பிலும் அவர் எச்சில் பளிச்சென்று தெரிந்தது.

“ஆவுடை, இந்த வருஷச் சாதனைப் பகுதிய இத வச்சே எழுதிருவோம்,” என்றார். “யார் எத்தன பக்கம் படிச்சாவன்னு வரிசையாப் போடு. பொய்யும் இல்ல, புளுகும் இல்ல.”

“வரிசையில மொத ஆளு நீங்கதான் சார்.”

“அதுக்கு நான் என்னம்மா செய்ய,” என்று அடக்கமாகச் சொன்னார்.

அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாளே கூத்து ஆரம்பித்தது. காலையில் வந்ததும் வராததுமாக ஆளாளுக்கு ஒரு கட்டை அவிழ்த்து, விரலை நாக்கில் வைத்து, மளமளவென்று புரட்டத் தொடங்கிவிட்டார்கள். யாரும் ஒரு வரி படிக்கவில்லை. மேலாளர் ஒரே முற்பகலில் எண்ணூறு பக்கம் ‘படித்தார்’. பக்கத்தின் ஓரமெல்லாம் பிசுபிசுவென்று ஆனது. நான் சத்தம் போட்டுப் பார்த்தேன். “உங்க எண்ணிக்கை கம்மின்னு உங்களுக்கு எரிச்சல்,” என்றார் மேலாளர்.

இதற்கிடையில் தேர்வுக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொம்பையா எழுதியதாகச் சொல்லப்படும் சுருக்கங்களை யந்திரத்தால் சரிபார்த்து, பொறுப்பாளர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் யார்? நான்தான். எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணாச்சியிடமும் எச்சில் மாதிரி வாங்கி, அவர் பார்த்த மனுக்களில் இருநூறை எடுத்து யந்திரத்துக்குள் வைத்தோம்.

முடிவு ஒரே வரியில் வந்தது. 1931-க்குப் பிறகு மனிதக் கை படவில்லை.

இருநூறுக்கும் அதே வரி. சரியில்லையோ என்று இன்னொரு நூறு போட்டோம். அதே வரி. ஷஃபீனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. பதினேழு வருடம் ஒரு மனிதர் படிக்காமலே கதைகட்டி எழுதியிருக்கிறார், அதை நான் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் சொந்த ஆய்வேடே அந்தச் சுருக்கங்களின் மேல்தான் நிற்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அதற்குப் பிறகுதான் அவரைத் தேடிப் போனேன்.

“அண்ணாச்சி, அந்த மனுவெல்லாம் படிச்சீயளா இல்லையா?”

“படிக்காம எப்படி மேடம் எழுத முடியும்?”

“மெஷின் இல்லங்குதே. மெஷினுக்கு ஒங்க மேல என்ன பொறாமையா?”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மூங்கில் சீவலை எடுத்தார். விரல் நீளம், பிளேடு போல மெலிசு, ஓரமெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பக்கத்தில் கிடந்த மனுவின் அடியில் அதை விட்டு, நெம்பாமல், தாள் சத்தமே இல்லாமல், பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“எனக்குச் சின்னதுலேருந்தே உள்ளங்கை வேக்கும். இங்க சேந்த அன்னைக்கு அத வாசிச்சேன்,” என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் பத்து விதிகள் தொங்கின. மூன்றாவது: ‘ஆவணங்களை வெறுங்கையால் தொடாதீர்.’ தினமும் அதற்குக் கீழே குடையை மாட்டிவிட்டுப் போகிறவள் நான். அதைக் கடைப்பிடித்த ஒரே ஆள் பொய்யர், கடைப்பிடிக்காத நாங்கள் எல்லாம் சாதனையாளர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “மன்னிச்சிருங்க அண்ணாச்சி,” என்றேன்.

“அறிக்கை போயிட்டா?” என்று மட்டும் கேட்டார்.

“போயிட்டு.”

நேரே ஞானதுரை சார் அறைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மூங்கில் குச்சி எச்சில் விடாதேம்மா. குழுவுக்கு ஆதாரத்துக்கு எங்க போவ?”

“கூப்பிட்டு எந்த மனுவ வேணாலும் கேக்கச் சொல்லுங்க சார். தேதியோட சொல்லுவாரு.”

“ஞாபகசக்திக்குப் போட்டி வைக்கலையே.”

வெளியே வந்தபோது ஷஃபீனா காத்திருந்தாள். மூங்கில் விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைத் தேய்த்தாள்.

“அக்கா, தப்பு எங்க மேலயும் இருக்கு. மெஷின் முழுப் பக்கத்தையும் பாக்காது. கை படுற ஓரத்தையும் முனையையும் மட்டும்தான் பாக்கும். முழுசாப் பாத்தா ஒரு பக்கத்துக்கு நாப்பது நிமிஷம் ஆகும்னு விட்டுட்டோம்.”

“பாரு,” என்றேன். “நாப்பது நிமிஷந்தான, காத்திருக்கேன்.”

நாற்பது நிமிடம் கழித்துத் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தின் நடுவே, எழுத்துக்களின் மேல், சன்னமான தெளிப்பு. எச்சில்தான். கொம்பையாவின் எச்சில். வருடம் 2029.

“இது தொட்டது இல்ல,” என்றாள் ஷஃபீனா. “பேசினது. பக்கத்துக்கு நேரா வாய வச்சுப் பேசியிருக்காரு.”

மூன்று நாள் முழுக்க முழுக்க யந்திரத்தை ஓட்டினோம். எடுத்த மனுவிலெல்லாம் அதே தெளிப்பு. எல்லாவற்றிலும் பழையது 2024 ஜூன். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டார்.

“சத்தமா வாசிப்பேன் மேடம். நீங்க எல்லாரும் சாப்புடப் போன பெறவு.”

“எதுக்கு?”

“பாதிக் கட்டுல நாடா அவுக்கவே இல்ல. முடிச்சு அப்படியே இறுகிக் கெடக்கும். அவுக கலெக்டருக்குக் கேக்கணும்னு எழுதிருக்காவ, ஒருத்தனும் பிரிச்சுப் பாக்கல. எழுதுனவுக பாவம்லா. ஒரு தடவயாவது யார் காதுலயாவது விழட்டும்னு வாசிச்சிருவேன். எங் காதுதான், வேற யாரு இருக்கா.”

ஷஃபீனா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். எனக்கு அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

படித்ததற்கு ஆதாரம் கையில் இருக்கிறது என்று துள்ளிக்கொண்டு மறுபடியும் சார் அறைக்கு ஓடினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏழாவது விதி என்னம்மா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழாவது விதி: ‘ஆவணங்களுக்கு நேராகக் குனிந்து பேசாதீர். எச்சில் பட்டால் பூஞ்சை வரும்.’

“படிக்கலன்னா மோசடி. படிச்சிருந்தா பதினோராயிரம் ஆவணத்துல எச்சில் தெளிச்ச ஆளு. குழு எத வச்சும் வேண்டாம்னுதான் சொல்லும். எனக்கு மட்டும் சந்தோஷமா?”

“ஒங்க எச்சிலும்தான சார் கெடக்கு?”

“நான் இயக்குநர்,” என்றார். பிறகு அவருக்கே கூச்சமாகப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வெகுநேரம் மேசையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருடம் அரசாங்கக் காகிதத்தைப் படித்ததில் எனக்கு ஒன்று தெரியும். நல்லது செய்தவனைக் கச்சேரி எழுதி வைக்காது. தப்புச் செய்தவனை ஊர், பேர், தகப்பன் பேர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று ஒன்றுவிடாமல் எழுதி வைக்கும். எங்களிடம் இருக்கிற பழைய ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் காகிதத்துக்குள் வந்தவர்கள்.

பதினைந்தாம் தேதி காலை, கொம்பையா அண்ணாச்சியின் மேல் நான் ஒரு புகார் எழுதினேன்.

‘இக்காப்பகத்தில் 2024 ஜூன் முதல் இன்றுவரை தொடர்ந்து பணியாற்றிவரும் பணியாளர் திரு. கொம்பையா என்பவர், பதினோராயிரத்து நானூறு அரிய ஆவணங்களை ஏழாம் விதிக்கு மாறாகக் கையாண்டுள்ளார். யந்திரச் சான்று இணைப்பில் உள்ளது. உரிய ஒழுங்கு நடவடிக்கை வேண்டுகிறேன்.’ பதிவாளருக்கு ஒரு பிரதி, துணைவேந்தருக்கு ஒரு பிரதி, ஆவணப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு பிரதி. ஏன் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும். அண்ணாச்சியிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு நடிக்கத் தெரியாது.

அலுவலகமே என்னைக் காறித் துப்பியது. ஷஃபீனா அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மேடம் என்றாள். அண்ணாச்சியோ தினமும் காலையில் வைக்கிற வணக்கத்தை நிறுத்திவிட்டார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினேன் என்று அவர் நினைத்திருப்பார், வேறு என்ன நினைப்பார்.

பதிவாளர் அலுவலகத்துக்குப் புகார் என்றால் வெல்லம். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கோப்பு இத்தனை வேகமாக ஓடி நான் கண்டதில்லை. நாலாம் நாள் அண்ணாச்சியிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. அதற்கென்று அச்சடித்த படிவம் ஒன்று உண்டு. பணியாளர் பெயர், பணியில் சேர்ந்த நாள், பணிக்காலம், தலைமை அதிகாரி பெயர். கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் விட எழுத்தருக்குக் கை வராது. என் புகாரைப் பார்த்து, யந்திரச் சான்றைப் பார்த்து, எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். அண்ணாச்சி அதற்கு ஒரே வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்தார்: ‘நான் வாசித்தது உண்மை.’ இருபத்தைந்தாம் தேதி தண்டனை வந்தது. கண்டனம். அதைப் பணிப்பதிவேட்டில் பதிய வேண்டும் என்று உத்தரவு.

அங்கேதான் சக்கரம் நின்றது. பதிய வேண்டும், சரி. பணிப்பதிவேடு எங்கே?

நிர்வாகப் பிரிவில் இரண்டு மணி நேரம் தேடினார்கள். பிறகு ஞானதுரை சாருக்குத் தொலைபேசி வந்தது. பிறகு சார் என்னைக் கூப்பிட்டார். குறிப்பாணையின் நகல் அவர் மேசையில் விரித்திருந்தது.

“ஆவுடை, என்னம்மா வேல பாத்து வச்சிருக்க?”

“புகார் குடுத்தேன் சார்.”

“அவரு பணியாளரே இல்லயே. குறிப்பாணைய வாபஸ் வாங்கச் சொல்லட்டா?”

“சொல்லுங்க சார். ஏன் வாபஸ்னு காரணம் எழுதணும். பணியாளர் இல்லன்னு எழுதுனா, பணியாளர் இல்லாத ஒருத்தர் கையில பதினேழு வருஷம் இம்புட்டு ஆவணத்தையும் யாரு குடுத்தான்னு அடுத்த கேள்வி வரும். தலைமை அதிகாரி பேரு படிவத்துலயே இருக்கு.”

அவர் படிவத்தைப் பார்த்தார். அவர் பெயர்தான் இருந்தது. பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் மேசையைத் தட்டினார். “போம்மா, போ. ஒரு பதிவேடு தொறக்கச் சொல்லுதேன்,” என்றார்.

இருபத்தேழாம் தேதி கொம்பையா அண்ணாச்சிக்குப் பணிப்பதிவேடு திறந்தார்கள். முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. பணியில் சேர்ந்த நாள் என்ன என்று எழுத்தர் கேட்டார். குறிப்பாணையில் மாதம்தான் இருந்ததாம். “ஜூன் பத்து, திங்கக்கிழம,” என்று அண்ணாச்சி கேள்வி முடியுமுன் சொல்லிவிட்டார். பதினேழு வருடத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதற்குக் கீழே, அதே பக்கத்தில், பதினோராயிரத்து நானூறு மனுக்களை வாய்விட்டு வாசித்ததற்குக் கண்டனம் என்று முதல் பதிவு ஏறியது.

மறுநாள் குழு கூடியது. அவர் படிக்கவில்லை என்ற என் பழைய அறிக்கையை, புகாரோடு போன யந்திரச் சான்று செல்லாததாக்கியிருந்தது. ஆதாரம் என்று கேட்டார்கள், பணிப்பதிவேட்டை வைத்தார்கள். பல்கலைக்கழக முத்திரை குத்திய பதிவேட்டை எந்தக் குழு மறுக்கும்? கண்டனம் வாங்கியவர் ஆயிற்றே என்று ஒருவர் இழுத்திருக்கிறார். கண்டனம் வாங்காத பணியாளர் இந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் நிரந்தரம் ஆனது.

சாயங்காலம் அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார். பதின்மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல மேடம். அதான் எனக்கு இத்தன நாளா ஒறக்கம் இல்ல. பொய்னா சண்டைக்கு வந்திருப்பேன்.”

“எங்கிட்ட கோவமா அண்ணாச்சி?”

“இருந்துச்சு. இப்பமும் கொஞ்சம் இருக்கு. வீட்ல ஒங்களுக்கு அதிரசம் சுடுதா, அது வேற விஷயம்.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார்.

“சார் கூப்பிட்டு விட்டாவ,” என்றார். “கண்டனத்த எதிர்த்து மேல்முறையீடு பண்ண முப்பது நாள் இருக்காம். எல்லாரும் எச்சில் தொட்டுத்தான் படிக்கோம், ஒங்களுக்கு மட்டும் எதுக்குத் தண்டன, கட்டாயம் ஜெயிச்சிருவீயன்னு சொன்னாவ. அவுகளே எழுதித் தாராவளாம்.”

“நல்லதுதான. எப்பம் குடுக்கப் போறீய?”

“குடுக்கல மேடம். வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?”

“ஜெயிச்சிட்டா அந்தப் பக்கத்தக் கிழிச்சிருவாவல்லா,” என்றார்.